அஞ்சலை சொன்ன ஒரே அட்ஜெக்டிவ்

ஒரு காட்டில் சிங்கம் இல்லை. கதை என்றால் சிங்கம் வேண்டுமே என்பவர்கள் வேறு காட்டைப் பார்த்துக்கொள்ளலாம். இது மலையடிவாரத்துக் காடு, இங்கே புலிதான். அதற்கு ராஜா பட்டமெல்லாம் கிடையாது. பசித்தால் வரும், தின்னும், போய்விடும். மேடை போட்டுப் பேசாது என்பதால் அந்தக் காட்டில் யாருக்கும் அதன் மேல் பெரிய புகார் இருந்ததில்லை.

காட்டு நடுவில் ஒரு குட்டை. குட்டைக்கரையில் ஒரு நாவல் மரம். மரத்தின் உச்சிக் கிளையில் அஞ்சலை என்ற மந்தி உட்கார்ந்திருப்பாள். காவல்தான் அவள் வேலை. தண்ணீர் குடிக்கிற மான் தலையைக் குனிந்தே ஆக வேண்டும். குனிந்த தலைக்குப் புலி தெரியாது. ஆகவே மான்களுக்காக அஞ்சலை பார்ப்பாள். பதிலுக்கு மான்கள் அவளுக்காக மோப்பம் பிடிக்கும். போகிற போக்கில் அவள் உதறிவிடும் நாவல் பழத்தையும் தின்னும். மந்தியும் மானும் தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்ட ஏற்பாடு இது.

புலியைக் கண்டால் அஞ்சலை முகத்தைப் பார்க்க மாட்டாள். மீசை, கோடு, நடையழகு எதுவும் அவளுக்குத் தேவையில்லை. நேரே வயிற்றைப் பார்ப்பாள்.

"புலி வருது! தெக்கே, மூங்கில் பக்கம்! வயிறு ஒட்டிக் கெடக்கு, ஓடுங்க!" என்பாள் ஒரு நாள்.

"புலி வருது! வயிறு ரொம்பியிருக்கு. தண்ணிக்குத்தான் வருது, கொஞ்சம் தள்ளி நின்னாப் போதும்" என்பாள் இன்னொரு நாள்.

ஓட வேண்டிய நாளில் மான்கள் ஓடும். ஓட வேண்டாத நாளில் வீணாக ஓடி இளைக்காது. அவள் வாயிலிருந்து வருவது அவ்வளவுதான், ஆனால் அதில் உயிர் இருந்தது.

அந்த மான்களில் பூரணி என்று ஒருத்தி. தோட்டத்து வேலிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் பின்னங்கால் மாட்டி, இழுத்துப் பிடுங்கிக்கொண்டு வந்தவள். உயிர் முழுசாக வந்தது, கால் நொண்டியாக வந்தது. மற்ற மான்கள் சத்தம் கேட்டபின் கிளம்பினால் போதும். பூரணி சத்தம் கேட்பதற்கு முன்பே கிளம்பினால்தான் பிழைப்பாள். அதனால் அஞ்சலை முதலில், "பூரணி, நீ கெளம்பு!" என்பாள். அப்புறம்தான், "புலி வருது!" என்று ஊருக்குச் சொல்வாள். பூரணி இதுவரை உயிரோடிருந்ததற்கு அந்த இடைவெளிதான் காரணம்.

இப்படி இருக்கையில்தான் ஞானசிகாமணி என்ற நரி காட்டுக்குத் திரும்பி வந்தது.

காட்டோரத்தில் ஒரு சுற்றுலா விடுதி. அதன் சமையலறைப் பின்பக்கத்தில் எலும்பு பொறுக்கிக்கொண்டு பல காலம் கிடந்த நரி அது. எலும்போடு கொஞ்சம் இங்கிலீஷையும் பொறுக்கிக்கொண்டது. அங்கே அது ஒன்றைக் கவனித்தது. சாப்பாடு 'குட்' என்றவனை சர்வர் திரும்பிப் பார்க்கவில்லை. 'ஃபேபுலஸ்' என்றவனுக்குக் கேட்காமலே ஐஸ்கிரீம் வந்தது. நரிக்கு ஞானம் பிறந்துவிட்டது. காட்டுக்கு வந்ததும் ஒரு பாறை மேல் ஏறி, ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு என்று அறிவித்தது. கட்டணம் நண்டாகவோ முட்டையாகவோ தரலாம்.

அடடா, என்ன கூட்டம்! நம் ஆட்களுக்கு இங்கிலீஷ் என்று சொன்னால் போதுமே. கரடி வரிசையில் நின்றது. முள்ளம்பன்றி நின்றது, அதன் பின்னால் யாரும் நெருங்கி நிற்கவில்லை. யானை நின்றதால் வரிசை பாதி அதுவாகவே இருந்தது.

"முதல் பாடம்," என்றது நரி. "இனிமேல் யாரும் 'வெரி' என்று சொல்லக் கூடாது. 'வெரி' என்பது வக்கற்றவர்களின் சொல். வெரி பிக் என்று சொல்லாதே. இனார்மஸ் என்று சொல். வெரி பேட் என்று சொல்லாதே. ஹாரிபிள் என்று சொல். இவைதான் ஸ்ட்ராங் அட்ஜெக்டிவ். சொன்னால் எதிராளிக்கு வயிறு கலங்க வேண்டும்."

"வாத்தியாரே," என்று கரடி கை தூக்கியது. "தேன் நல்லா இருந்தா என்ன சொல்றது?"

"மார்வெலஸ்."

"சுமாரா இருந்தா?"

"அப்போதும் மார்வெலஸ்தான். ஸ்ட்ராங் ஆன ஆள் சுமாரான தேனைத் தின்ன மாட்டான்."

இன்னொரு விதியும் உண்டு. ஒரு முறை சொன்ன அட்ஜெக்டிவை அடுத்த மழை வரைக்கும் மறுபடி சொல்லக் கூடாது. சொன்னால் கையில் சரக்கில்லை என்று அர்த்தம். இந்த விதி நரியின் பிழைப்புக்காகப் போட்டது என்பதைச் சொல்லத் தேவையில்லை. பழைய சொல் செல்லாது என்றால் புதிய சொல்லுக்கு வாத்தியாரிடம்தானே வர வேண்டும்?

காடே மாறிப்போயிற்று. கீரிப்பிள்ளை தன்னை 'இனார்மஸ்' என்று சொல்லிக்கொண்டு யானையிடம் வழி கேட்டது. காட்டுப்பன்றித் தலைவரின் மாமியார் செத்தபோது துக்கம் விசாரிக்கப் போன கரடி, அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "ஸ்பெக்டாகுலர் டெத், தலைவரே, ஸ்பெக்டாகுலர்!" என்று அழுதது. கண்ணைப் பறிக்கும் அழகான சாவு என்று பொருள். பன்றித் தலைவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அந்த அம்மாள் உயிரோடு இருந்தவரை யாரும் அவளை இப்படி வாயாரச் சொன்னதில்லை.

பூரணி மட்டும் வகுப்புக்குப் போகவில்லை. நொண்டிக் காலோடு பாறை ஏற முடியாது. அஞ்சலையும் போகவில்லை. அவள் போனால் மரத்தில் யார் இருப்பது?

ஒரு நாள் காட்டுக் கூட்டம் கூடியது. பன்றித் தலைவர் எழுந்தார்.

"பக்கத்துக் காட்டுல காவல் எச்சரிக்கை எல்லாம் இங்கிலீஷ்லதான் குடுக்கறாங்களாம். நம்ம காட்டுல இன்னும் 'புலி வருது, புலி வருது'ன்னு... கேக்கவே கூச்சமா இருக்கு. ஜீப்புல வர்றவங்க என்ன நெனைப்பாங்க?"

"புலி வருதுன்னு நெனைப்பாங்க," என்றாள் அஞ்சலை மரத்திலிருந்து.

யாரும் சிரிக்கவில்லை. அவளைக் கீழே வரச் சொல்லித் தேர்வு வைத்தார்கள். தேர்வு வைத்தவர் யார்? நம் ஞானசிகாமணிதான்.

"புலி வருகிறது. எப்பேர்ப்பட்ட புலி? ஸ்ட்ராங் ஆன அட்ஜெக்டிவ் சொல்லு," என்றது நரி.

அஞ்சலை யோசித்தாள். "கடிக்கிற புலி."

"எல்லாப் புலியும் கடிக்கும்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

"அம்மா, கேட்பவர் மனசில் ஒரு படம் வர வேண்டும். ஒரு நடுக்கம் வர வேண்டும்."

"படம் எதுக்கு வாத்தியாரே? படம் பாத்துக்கிட்டு நின்னா புலி புடிச்சிராதா? எந்தப் பக்கம் வருது, வயிறு எப்படி இருக்கு, இது ரெண்டும் தெரிஞ்சா ஓடிரலாமே."

நரி மற்றவர்களைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையை ஆட்டியது. படிக்காதவர்களுக்காக வருத்தப்படுவதில் அதற்கு நல்ல பழக்கம் இருந்தது. அஞ்சலை தோற்றாள். நாவல் மரம் சுகுமார் என்ற கிளிக்குப் போயிற்று. சுகுமார் வகுப்பிலேயே முதல் மாணவன்; சொன்னதைச் சொல்வதில் அவனை யாரும் மிஞ்ச முடியாது. கூடவே ஒரு தீர்மானமும் போட்டார்கள்: அட்ஜெக்டிவ் இல்லாத கூச்சலுக்கு இனி யாரும் ஓடக் கூடாது. ஓடினால் காட்டுக்குக் கௌரவக் குறைச்சல்.

அஞ்சலை குட்டைக்கு எதிர்க்கரையில் இருந்த ஒரு குள்ள வேம்புக்குக் குடிபெயர்ந்தாள். அங்கிருந்து மூங்கில் காடு தெரியாது. புலி மூங்கிலைத் தாண்டி வெட்டவெளிக்கு வந்தபிறகே கண்ணில் படும். பூரணி அந்த வேம்பின் அடியில் வந்து நின்றாள்.

"அக்கா, நான் இனி எப்பக் கெளம்புறது?"

அஞ்சலை ஒரு கிளை கீழே இறங்கி வந்தாள். அவளுக்கு அழுகையாக வந்தது. வேலை போனதற்காக இல்லை, அந்தக் கேள்விக்காக.

"நான் பாக்குறேன் பூரணி. பாத்ததும் கத்துறேன். நீ தண்ணி குடிக்கையில ஒரு காதை எம்பக்கமா வெச்சுக்க," என்றாள்.

சுகுமார் பதவியேற்ற அன்றே ஓர் உடும்பு புதரைவிட்டு வெளியே வந்தது. "டெரிஃபையிங்!" என்று கத்தினான் சுகுமார். பயங்கரம் என்று பொருள். காடே மலை உச்சிவரை ஓடியது. உடும்பும் ஓடியது; எதற்கென்று அதற்குத் தெரியாது. அடுத்து ஒரு முயலுக்கு "ஹாரிபிள்!" என்றான். காற்றில் ஒரு கிளை முறிந்ததற்கு "டிஸாஸ்ட்ரஸ்!" என்றான். எருமை தும்மியதற்கு "ஃபெரோஷியஸ்!" என்றான். எல்லாம் நடுங்க வைக்கிற சொற்கள். முதலில் ஓடினார்கள். பிறகு நடந்தார்கள். பிறகு நின்ற இடத்திலேயே தலையை மட்டும் நிமிர்த்தி, "ஆகா, என்ன சொல்வளம்!" என்று பாராட்டிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள். கடைசியில் யாரும் தலையை நிமிர்த்துவதுகூட இல்லை.

அடுத்து நடந்தது என்ன என்று உங்களுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நிஜப் புலி வந்தது, கிளி கத்தியது, யாரும் நம்பவில்லை, மான் செத்தது, மிகைப்படுத்திப் பேசாதே, சுபம். பள்ளிக்கூடத்துக் கதைகள் நம்மை அப்படிக் கெடுத்து வைத்திருக்கின்றன. நடந்தது அது இல்லை.

ஒரு சாயங்காலம் புலி வந்தது. மழை பெய்யாத காலம். குட்டை வற்றி நடுவில் கொஞ்சம் தண்ணீர், சுற்றிலும் சேறு. பூரணி சேற்றில் இறங்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். மற்ற மான்கள் கரையோரத்தில் நின்றன.

புலி மூங்கிலைத் தாண்டியதும் அஞ்சலை பார்த்துவிட்டாள். பார்த்ததும் வழக்கம்போல் கண் வயிற்றுக்குப் போனது. அங்கே வயிறே இல்லை. முதுகோடு ஒட்டிப்போய், விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது.

"பூரணி, கெளம்பு! புலி வருது! வயித்துல ஒண்ணுமில்ல, ஓடு, ஓடு!"

"அட்ஜெக்டிவ் இல்லை," என்றது ஒரு மான் சலிப்போடு. "வெறும் புலியாத்தான் இருக்கும்."

பூரணி கேட்டாள். கேட்டதும் திரும்பினாள். ஆனால் சேறு நல்ல காலையும் பிடித்துக்கொண்டது, கெட்ட காலையும் பிடித்துக்கொண்டது. புலி கரைக்கு வந்துவிட்டது. கரையில் நின்ற மான்கள் அப்போதுதான் புலியைக் கண்ணால் பார்த்து, தீர்மானத்தை மறந்து, நாலு பக்கமும் சிதறி ஓடின. புலி அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. சேற்றில் நிற்கிற மான் இருக்கும்போது ஓடுகிற மான் எதற்கு? உடம்பைத் தாழ்த்திப் பதுங்கியது.

மேலே நாவல் மரத்தில் சுகுமாரும் புலியைப் பார்த்துவிட்டான். கத்த வேண்டும். ஆனால் என்ன சொல்லிக் கத்துவது? டெரிஃபையிங் உடும்புக்குப் போய்விட்டது. ஹாரிபிள் முயலுக்குப் போய்விட்டது. டிஸாஸ்ட்ரஸைக் கிளைக்கும், ஃபெரோஷியஸை எருமைக்கும் கொடுத்தாயிற்று. அடுத்த மழை இன்னும் வரவில்லை. பயத்துக்கான சொல் ஒன்றுகூட மிச்சமில்லை. சட்டத்துக்குப் பயந்த பிள்ளை அவன். தேன் பாடத்தில் படித்ததுதான் வாயில் வந்தது.

"மார்வெலஸ்!" என்று அலறினான்.

பாயப்போன புலி நின்றுவிட்டது.

"என்ன சொன்னே?" என்று அண்ணாந்து கேட்டது.

"மா... மார்வெலஸ். அற்புதமான புலின்னு அர்த்தம், சார்."

புலிக்கு இது புதிதாக இருந்தது. பிறந்ததிலிருந்து அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் அதன் பெயரைச் சொல்லிக் கத்திவிட்டு ஓடியிருக்கிறார்கள். ஒருத்தராவது நின்று ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. பசியோடு இருக்கிற வயிற்றுக்கும் மேலே மனசு என்று ஒன்று இருக்கிறதே.

"இன்னொண்ணு சொல்லு," என்றது புலி.

"மெஜஸ்டிக்! ராஜகம்பீரம்னு அர்த்தம்."

புலி பதுங்கலை விட்டு நிமிர்ந்தது. முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டது. பூரணி சேற்றிலிருந்து ஒரு காலைப் பிடுங்கினாள்.

"ம்."

"ஃபேபுலஸ்!"

புலி உட்கார்ந்தே விட்டது. வாலைச் சுற்றி முன்னால் வைத்துக்கொண்டது. பூரணி இன்னொரு காலைப் பிடுங்கினாள்.

"அப்புறம்?" என்றது புலி.

சுகுமார் வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான். முதல் நிலைப் பாடம் அத்தோடு முடிந்துவிட்டது. மேற்கொண்டு வேண்டும் என்றால் இரண்டாம் நிலையில் சேர வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம்.

"அப்புறம் சார்... அவ்வளவுதான் சார்."

"அவ்வளவுதானா?" என்றது புலி. அதன் குரலில் ஏமாற்றம் இருந்தது. ஏமாற்றம் வந்ததும் பசி ஞாபகம் வந்தது. எழுந்து நின்று குட்டைப் பக்கம் திரும்பியது. பூரணியின் முன்னங்கால்கள் கரையில் இருந்தன. கெட்ட கால் இன்னும் சேற்றுக்குள் கிடந்தது.

அஞ்சலைக்கு இங்கிலீஷ் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் புலியின் வயிறுதான். முதுகோடு ஒட்டிய வயிறு, எண்ணி எடுக்கலாம் போன்ற எலும்பு. இதை ஊருக்குச் சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம். புலியிடமே சொன்னதில்லை. ஒட்டிய வயிற்றை ஒருத்தர் காதில் விழும்படி எப்படிச் சொல்வது? அந்தக் காட்டுக்கு ஜீப்பில் வருகிற பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து, வயிற்றைத் தடவிச் சிரித்துச் சொல்கிற ஒரு வார்த்தை எங்கிருந்தோ அவள் வாயில் வந்து விழுந்தது.

"ஸ்லிம்!" என்றாள்.

புலி சுழன்று திரும்பியது. "யாரு? நானா?"

"வேற யாரு? இந்தக் காட்டுல உங்க மாதிரி இடுப்பு யாருக்குங்க இருக்கு? கரடியப் பாருங்க, பன்றித் தலைவரப் பாருங்க. எல்லாம் தின்னு தின்னு ஊதிக் கெடக்குதுங்க."

புலி தன் வயிற்றைக் குனிந்து பார்த்தது. இத்தனை நாளும் அதைப் பட்டினி என்று நினைத்து வருத்தப்பட்டுக்கொண்டிருந்தது. இப்போது பார்த்தால் அது வேறு மாதிரி தெரிந்தது. மூச்சை உள்ளே இழுத்து இன்னும் கொஞ்சம் ஒட்டவைத்துக்கொண்டது.

"மான் கறி தின்னா ஒடம்பு ஏறிருமோ?" என்று சந்தேகமாகக் கேட்டது.

"ஐயோ, சாமி! அத்தனையும் கொழுப்பு. ஒரு மான் தின்னீங்கன்னா இந்த இடுப்பு திரும்ப வராதுங்க."

பூரணியின் கெட்ட கால் சேற்றைவிட்டு வந்தது. புலி பார்த்தது, பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டியது. பூரணி கரையேறினாள், நொண்டி நொண்டிப் புதருக்குள் மறைந்தாள். அஞ்சலை கிளையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினாள்.

கதை இங்கே நின்றிருந்தால் புலி பட்டினி கிடந்து இளைத்திருக்கும், காட்டுக்கும் நல்லதாய்ப் போயிருக்கும். ஆனால் பாறை மேல் ஒரு வாத்தியார் இருந்தாரே!

ஞானசிகாமணி நடந்ததையெல்லாம் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. சுகுமார் புலியையே நிறுத்தியதில் அதற்குத் தலைகால் புரியவில்லை. புலியையும் மாணவனாகச் சேர்த்துவிட்டால் வகுப்புக்கு எப்பேர்ப்பட்ட பெயர்! அந்த நேரத்தில் தேர்வில் தோற்ற மந்தி ஒருத்தி ஒரு சாதாரணச் சொல்லைச் சொல்லிப் பேர் வாங்குவதா? ஒரு வாத்தியாரால் எதையும் பொறுத்துக்கொள்ள முடியும். பக்கத்தில் ஒரு சொல் தவறாகக் கிடந்தால் மட்டும் பொறுக்க முடியாது. கீழே இறங்கி வந்து தொண்டையைச் செருமியது.

"ஐயா மன்னிக்கணும். அந்த அம்மா படிக்காதவங்க. 'ஸ்லிம்' என்பது வீக் ஆன சொல். தங்களைப் போன்றவர்களுக்குப் பொருந்தாது."

"அப்படியா?" என்றது புலி ஆர்வமாக. "அதுக்கு ஸ்ட்ராங் ஆனது என்ன?"

"எமேஷியேட்டட்," என்றது நரி, ஒவ்வோர் எழுத்தையும் ருசித்து.

புலி கண்ணை மூடி அதைச் சொல்லிப் பார்த்தது. நீளமாக, கம்பீரமாக இருந்தது. "நல்லாயிருக்கே! அதுக்கு என்ன அர்த்தம்?"

எதிர் வேம்பிலிருந்து அஞ்சலை, "வாத்தியாரே, வேண்டாம்!" என்று கத்தினாள். நரிக்கு அது காதில் விழுந்தது. ஆனால் அட்ஜெக்டிவ் இல்லாத கூச்சலுக்கு நகரக் கூடாது என்று தீர்மானம் போட வைத்ததே அதுதானே.

"சோற்றுக்கு வழியில்லாமல், எலும்பும் தோலுமாய், இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடப்பது," என்றது ஞானசிகாமணி தெளிவாக. "தங்களுக்கு அச்சாகப் பொருந்துகிறது. வயிற்றைப் பார்த்தாலே தெரிகிறதே."

புலியின் முகம் வாடிவிட்டது. பார்க்கவே பாவமாக இருந்தது.

"நரிக் கறியில கொழுப்பு உண்டா?" என்று புலி அஞ்சலையைப் பார்த்துக் கேட்டது.

அஞ்சலை காரணமில்லாமல் பொய் சொல்லாதவள். "இல்லீங்க," என்றாள்.

அதற்கப்புறம் காட்டில் வகுப்பு நடக்கவில்லை. கூட்டம் போடாமலே நாவல் மரம் அஞ்சலைக்குத் திரும்ப வந்தது. காட்டில் எல்லாரும் எல்லாரையும் ஸ்லிம் என்றே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். யானையைச் சொன்னார்கள். யானையும் மறுக்கவில்லை.

ஒரு நாள் நாவல் மரத்தடியில் பழம் தின்றுகொண்டிருந்த பூரணி தலையை நிமிர்த்தினாள்.

"அக்கா, வாத்தியார் அன்னிக்குச் சொன்னது நெசந்தானே? புலி எலும்பும் தோலுமாத்தானே இருந்துச்சு?"

"நெசந்தான்."

"நீங்க எப்பவும் நெசத்தத்தானே சொல்லுவீங்க? அன்னிக்கு மட்டும் ஏன் அழகுன்னு சொன்னீங்க?"

அஞ்சலை ஒரு கிளையை உலுக்கினாள். பூரணி முன்னால் பழங்கள் விழுந்தன.

"நாலு காலும் நல்லாயிருக்கிறவளா இருந்தா நெசத்தச் சொல்லி ஓட விட்டிருப்பேன். உனக்கு மூணுதானே பூரணி? தின்னு," என்றாள்.

நீதி: இங்கிலீஷில் அட்ஜெக்டிவ் போடும் முன் எதிரே நிற்பவரின் வயிற்றைப் பார்க்கவும். அகராதியைப் பார்த்துப் போட்டவர் அந்த வயிற்றுக்குள்தான் இருக்கிறார்.